பெரட்டுக்கு வராதவர்கள்

ஆமியிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடம் பொறியியல் படைப்பிரிவில் இருந்தேன். சிப்பாயாகச் சேர்ந்தேன், கெப்டனாக ஓய்வு பெற்றேன். தோட்டத்துத் தமிழன் ஆமியில் என்ன செய்தாய் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாலம் போட்டேன். வெள்ளத்தில் ஆள் தூக்கினேன். மண் சரிந்த இடத்தில் தோண்டினேன். சண்டை நடந்த பக்கமும் அனுப்பினார்கள், போனேன். அதை எழுத இது இடமில்லை. கேட்பவர்களுக்கு என் பதில் பிடிக்காது, எனக்கு அவர்களுடைய கேள்வி பிடிக்காது.

வெளியே வந்ததும் பதுளையில் தேயிலை பொதி செய்யும் ஒரு கம்பனியில் மெனேஜராகச் சேர்ந்தேன். அங்கே கத்தினேன். எனக்குத் தெரிந்த முறை அதுதான். ஆமியில் கத்தினால் வேலை நடக்கும். கம்பனியில் கத்தினால் ஆள் அடுத்த நாள் வரமாட்டான். பொதிகட்டும் பிள்ளைகள் ஆறு பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சேர், இங்க யாரும் உங்களுக்கு உயிர எழுதிக் குடுத்துட்டு வேலைக்கு வரல" என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. இரண்டு வருடத்தில் கத்துவதைக் குறைத்தேன். கோபம் குறையவில்லை.

பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் அறை எடுத்து, பாதுகாப்பும் நிர்வாகமும், ஆலோசகர் என்று பலகை மாட்டினேன். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பலகையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"நீங்க வீட்டுல சும்மா குடுக்குற புத்தியவே யாரும் வாங்குறதில்ல" என்றார். "கடைய வேற தொறந்திருக்கீங்க."

ஐந்து மாதம் கழித்து முதல் பெரிய வேலை வந்தது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டம். கம்பனியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே தேவையில்லை.

அந்தத் தோட்டத்தில் மேல் லயம் என்று தொழிலாளர் வீட்டு வரிசை ஒன்று இருந்தது. முன்பக்கம் பத்துக் காம்பரா, பின்பக்கம் பத்துக் காம்பரா. ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம், சிலதில் இரண்டு. லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் மூன்று விரல் அகலத்துக்கு வெடிப்பு விட்டிருந்தது. அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, லயத்துச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கு முன் ஆட்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், முடியாவிட்டால் ஆபத்து வரும்போது பதினைந்து நிமிடத்துக்குள் லயம் காலியாகும் என்று காட்ட வேண்டும். தோட்டத்துக்குச் சொல்லப்பட்டது இதுதான்.

மாற்றுவதென்றால் இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், கக்கூஸ் வேண்டும். காலி செய்யலாம் என்று காட்டுவதற்கு ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்துக்குத்தான் என்னைப் பிடித்தார்கள். வேலை நன்றாக முடிந்தால் கம்பனியின் மற்ற ஏழு தோட்டங்களுக்கும் இதே திட்டத்தைச் செய்து கொடுக்கலாம் என்றார்கள். ஏழு தோட்டம் என்றதும் நான் மருந்துக்கடைக்கு மேலுள்ள பக்கத்து அறையையும் எடுப்பதைப் பற்றி யோசித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

தோட்டத்தை நடத்தும் துரை முப்பத்தைந்து வயதுச் சிங்களவர். கெட்டவர் இல்லை. மேலிடத்துக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் பேசுவோம்.

திட்டத்தை மூன்று நாளில் எழுதினேன். ஃபெக்டரி சங்கு ஊத வேண்டும். மேல் லயத்து ஆட்கள் எல்லாரும் கீழே பெரட்டுக்களத்தில் கூட வேண்டும். அங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பெரட்டுக்களம், காலையில் பெயர் கூப்பிட்டு மலைக்கு வேலைக்குப் பிரித்து விடும் இடம், திறந்த வெளி, சரிவிலிருந்து தள்ளி இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்த இடம். ஆமிக்காரன் யாரைக் கேட்டாலும் அந்த இடத்தைத்தான் காட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை. எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள் என்று நானே தேர்ந்தெடுத்தேன். முதல் நாள் கோயில் ஒலிபெருக்கியில் கணக்கப்பிள்ளை என் தாளை வாசித்தார். "சங்கு ஊதியவுடன் மேல் லயத்திலுள்ள அனைவரும் பெரட்டுக்களத்தில் கூட வேண்டும்." அனைவரும் என்றுதான் எழுதியிருந்தேன்.

சங்கு ஊதியது. துரை கையில் ஃபோனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் படிக்கட்டில் இறங்கி வந்தார்கள். வேகமாகத்தான் வந்தார்கள். வரிசையாகவும் நின்றார்கள். ஏழெட்டுப் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டியிருந்தார்கள், கொழுந்தெடுக்கப் போகும்போது கட்டும் சாக்கு. ஒருத்தி கூடையோடு வந்திருந்தாள். இதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கணக்கப்பிள்ளை செக்ரோலை, தொழிலாளர் பெயர்ப்பதிவை, வைத்துப் பெயர் கூப்பிட்டார். மேல் லயத்தில் நாற்பத்தேழு பெயர். நாற்பத்தேழு பேரும் இருந்தார்கள். பதினொரு நிமிடம். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பங்களாவில் தேநீர் இருக்கிறது, அறிக்கையை அங்கேயே முடித்துவிடலாம் என்றார்.

படைமுகாமைக் காலி செய்தபின் அதிகாரி ஒரு தடவை எல்லா அறைகளையும் நடந்து பார்க்க வேண்டும். அது எனக்குப் பழகிய வேலை. கால் தானாகவே போகும். துரையை முன்னால் போகச் சொல்லிவிட்டு மேல் லயத்துக்கு ஏறினேன். நூற்றுப் பன்னிரண்டு படி.

பாதிப் படியிலேயே டிவி சத்தம் கேட்டது.

லயத்து வாசலில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று வீட்டில் அடுப்பு புகைந்தது. நாலாவது காம்பரா இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். சீனி வியாதியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பக்கத்துக் காம்பரா வாசலில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் நின்றாள்.

"நீங்க ஏன் வரல?" என்றேன்.

"எங்கங்க?" என்றார் அவர்.

"பெரட்டுக்களத்துக்கு. சங்கு கேக்கலையா?"

"சங்கு கேட்டுச்சு. நமக்கு என்னாங்க பெரட்டு? செக்ரோல்ல பேர் வெட்டி ஒம்பது வருசமாச்சு."

"அனைவரும்னு ஸ்பீக்கர்ல சொன்னாங்களே."

"பெரட்டுக்கு அனைவரும்னா பேர் உள்ள அனைவரும்." போஞ்சியை நறுக்குவதை அவர் நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கெழமையும் பெரட்டு வைக்கிறாங்களேன்னு இந்தப் பொம்பளைங்க திட்டிக்கிட்டே போச்சுங்க. புள்ளகளையும் நொண்டியையும் கூப்புட்டு எந்த மலைக்குங்க பிரிச்சு விடுவீங்க?"

"மாமாவ சரிவு மலைக்கு அனுப்புவாங்க" என்றாள் குழந்தையோடு நின்றவள். "சரிவுல நிக்க ஒத்தக் கால்தானே வசதி."

"பாருங்க, இவளுக்கு வாய மட்டும் எந்த மண்ணும் மூடாது" என்றார் அவர்.

நான் சிரிக்கவில்லை. "பின்னால வெடிப்பு இருக்கே. மலை இறங்கினா என்ன செய்வீங்க?"

"அது பெரட்டுக்கா வரப்போகுது? நேரா இங்கதான் வரும்."

காம்பரா காம்பராவாக நடந்து எண்ணினேன். முப்பத்தொன்பது பேர். வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள், பிள்ளைகள், பிள்ளை பெற்றவள், காய்ச்சல்காரர்கள், கொழும்பில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்த இரண்டு பேர். செக்ரோலில் பெயர் இல்லாத எல்லாரும். நான் பதினொரு நிமிடத்தில் லயத்திலிருந்து இறக்கியது ஓடக்கூடியவர்களை. ஓட முடியாதவர்கள் வெடிப்புக்குக் கீழே போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைசியில் என் மேல்தான் வந்தது. நான் நமுனுகுலப் பக்கத்து லயத்தில் பிறந்தவன். அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார். காய்ச்சலில் நான் சுருண்டு கிடந்தாலும் அம்மா பெரட்டுக்குப் போவார், நான் காம்பராவில் கிடப்பேன். பெரட்டு யாருக்கு, யாருக்கு இல்லை என்பது ஐந்து வயதிலேயே எனக்குத் தெரியும். ஆனால் ஆமியிலும் அதே சொல்தான். சிங்களத்தில் பெரட்டுவ என்பார்கள். அங்கே பெரட்டுவ என்றால் சமையல்காரனும் வருவான், வைத்தியசாலையில் படுத்திருப்பவனுடைய பெயரையும் கூப்பிட்டு நோயாளி என்று பதில் சொல்லுவார்கள். கணக்கில் வராத ஆள் என்று ஒருவன் இருக்க முடியாது. இருபத்திரண்டு வருடம் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அம்மாவின் பெரட்டை மறந்துவிட்டேன். கொழும்பிலிருந்து வந்த ஒருவன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். அவன் மைதானம் என்று எழுதியிருப்பான், எல்லாரும் வந்திருப்பார்கள். நான்தான் கெட்டிக்காரன் மாதிரி தோட்டத்துச் சொல்லைப் போட்டேன்.

பங்களாவில் தேநீர் ஆறியிருந்தது. அறிக்கை அச்சடித்து மேசையில் கிடந்தது. பதினொரு நிமிடம் என்ற இடம் மட்டும் பேனாவால் நிரப்பப்பட்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

துரை அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார். "திட்டம் தொழிலாளர்களுக்கானது" என்றார் பிறகு. "கம்பனியின் பொறுப்பு தொழிலாளர்கள்தான்."

"மண்ணுக்கு அது தெரியுமா?"

"சேர், நான் அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்குக் கையெழுத்துப் போடுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த மாதம் தனியாக ஒரு ஒத்திகை வைப்போம்."

"அடுத்த மாதம் மழை."

"அதுதான் இன்றைக்கே கேட்கிறேன்."

இரண்டு வாரம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். கொடுக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை, கொடுத்தார்.

அந்த இரண்டு வாரத்தில் ஐந்து நாள் மேல் லயத்தில் இருந்தேன். ஒவ்வொரு காம்பராவிலும் யார் இருக்கிறார்கள், யார் நடப்பார்கள், யாரைத் தூக்க வேண்டும் என்று எழுதினேன். என் தமிழ் எழுத்து மோசம். அறிக்கை, கடிதம், லீவு விண்ணப்பம் எல்லாம் இருபத்திரண்டு வருடம் சிங்களத்தில். ரகரத்துக்கும் றகரத்துக்கும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பெரட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டேன், கூடும் இடத்தையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றினேன். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்று வாசலில் இருந்த பெண்களைக் கேட்டேன். "என்னா சொன்னா எல்லாரும் வெளிய வருவீங்க?"

"அரிசி குடுக்குறாங்கன்னு சொல்லுங்க" என்றாள் ஒருத்தி.

"எலெக்‌ஷன்னு சொல்லுங்க. அப்ப மட்டுந்தான் செத்தவங்களையும் சேத்துக் கூப்புடுவாங்க" என்றாள் இன்னொருத்தி.

கைக்குழந்தைக்காரிதான் ஒழுங்காகச் சொன்னாள். "காம்பராவுல ஒரு உசுருகூட இருக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. கைப்புள்ள, சீக்காளி, எல்லாம் பள்ளிக்கூடத்துக்குன்னு சொல்லுங்க. அப்பத்தான் வெளங்கும்." அவள் சொன்னதை அப்படியே எழுதிக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "இது எழுத்துத் தமிழ் இல்லையே சேர்" என்றார். வாசியுங்கள் என்றேன். அந்த இடத்தில் கொஞ்சம் கத்தினேன்.

இரண்டாவது ஒத்திகையன்று தூறல் இருந்தது. ஒரு உயிர்கூட என்று சொன்னதால் ஆடுகளையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பதினொரு ஆடு. ஒரு கிழவி பூட்டுச் சாவி கிடைக்காமல் வரமாட்டேன் என்று வாசலில் நின்றார். சாவி அவர் மடியிலேயே இருந்தது. கால் இல்லாதவரை நாற்காலியோடு நானும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் தூக்கினோம். படி வழுக்கியது. இருபது படிக்கு ஒரு தடவை நாற்காலியை இறக்கி மூச்சு வாங்கினோம்.

"மெதுவா, மெதுவா" என்றார் நாற்காலியில் இருந்தவர். "பொணத்தத் தூக்குற மாதிரி தூக்காதீங்க. அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

"பேசாம வாங்க அண்ணே" என்றார் தலைவர். "போஞ்சி தின்னே இவ்வளவு பாரமா?"

"ஒரு கால் கொறைஞ்சே இவ்வளவு பாரம். ரெண்டும் இருந்திருந்தா நீ செத்திருப்ப."

கடைசி ஆள் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தபோது முப்பத்து நான்கு நிமிடம். எண்பத்தாறு பேரும் வந்திருந்தார்கள். சந்தோஷப்பட முடியாத எண்ணிக்கை. திட்டம் சரியாக நடந்தது, சரியாக நடந்ததால் முடியாது என்பது தெரிந்தது.

பங்களாவில் மறுபடியும் அதே மேசை.

"ஆடு இல்லாமல் எத்தனை நிமிடம் வரும்?" என்றார் துரை.

"முப்பது."

"பழகினால்?"

"இருபத்தைந்து. காய்ந்த படியில். பகலில்."

"பழகினால் பதினைந்துக்குக் கொண்டுவரலாம் என்று எழுத முடியாதா? இது ஆலோசனைதானே சேர். கட்டளை இல்லையே."

"ஆளை எண்ணிவிட்டு எண்ணிக்கையை மாற்றி எழுதும் வேலையை நான் ஆமியிலும் செய்ததில்லை" என்றேன்.

அது முழு உண்மை இல்லை. ஒரு தடவை செய்திருக்கிறேன், லொறிகளின் எண்ணிக்கையில். ஆனால் அப்போது அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"முப்பத்து நான்கு என்று எழுதினால் மற்ற ஏழு தோட்டமும் உங்களுக்குக் கிடைக்காது. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு மேலிடத்தைத் தெரியும்."

"தெரியும்."

ஆமியில் இந்த இடத்தில் எனக்கு மேலே ஒருவர் இருப்பார். அவர் முடிவெடுப்பார், நான் மனதுக்குள் திட்டிவிட்டுச் செய்வேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இங்கே மேசைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான். பேனா என்னுடையது. மேல் லயம் பதினைந்து நிமிடத்துக்குள் காலியாகாது, ஆட்களை மழைக்கு முன் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துரை வாங்கி ஒரு தடவை வாசித்தார். கோப்பில் வைத்தார். தேநீரை ஊற்றிக் கொடுத்தார். அறிக்கையை அவர் கிழித்துப் போட்டிருக்கலாம், போடவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் மரியாதை வைத்திருக்கிறேன்.

ஏழு தோட்டமும் கிடைக்கவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"கடைக்கு வந்த மொத ஆளையும் வெரட்டியாச்சு" என்றார். பிறகு சோறு போட்டார். அதற்கு மேல் இன்றுவரை அவர் ஒன்றும் சொன்னதில்லை.

மழைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மேல் லயத்து ஆட்களைக் கீழே பழைய தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்கும் பூட்டிக் கிடந்த இரண்டு குவாட்டர்ஸுக்கும் மாற்றினார்கள். தகரமும் படங்கும் வைத்துத் தடுப்பு. எண்பத்தாறு பேருக்குத் தண்ணீர்க் குழாய் மூன்று. தற்காலிகம் என்றார்கள். இப்போது மூன்றாவது மழைக்காலம்.

பார்க்கப் போனபோது யாரும் எனக்கு மாலை போடவில்லை. கைக்குழந்தைக்காரி, இப்போது அந்தக் குழந்தை ஓடித் திரிகிறது, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மேல ஒரு குழாய் இருந்துச்சு, மரக்கறித் தோட்டம் இருந்துச்சு, நாலு போஞ்சிக் கொடி இருந்துச்சு. இங்க தண்ணிக்கு வரிசைல நிக்கிறது நானு. கையெழுத்துப் போட்டது நீங்க."

அவள் சொன்னதில் பிழை இல்லை.

அந்த மலை இன்னும் இறங்கவில்லை. வெடிப்பு ஒரு கை அகலமாகியிருக்கிறது, லயம் அப்படியே நிற்கிறது. சிலர் பகலில் போய்க் காம்பராவில் அடுப்பு மூட்டிவிட்டு, சாயங்காலம் இறங்குகிறார்கள். போன மாதம் துரையைப் பதுளையில் டயர் கடையில் கண்டேன். இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறார். "சேர், உங்கள் மலை இன்னும் விழவில்லை" என்றார். கிண்டல்தான், ஆனால் கெட்ட கிண்டல் இல்லை. விழாமல் இருக்கட்டும் என்றேன். பாலம் போட்டால் லொறி போவதைப் பார்க்கலாம். இந்தத் தொழிலில் நான் சொன்னது சரியா என்று காட்ட ஒரு மலை விழ வேண்டும். காட்டாமலே இருக்கட்டும். மழை பெய்யும் நாளில் நான் வேண்டிக்கொள்வது என் அறிக்கை பொய்யாகட்டும் என்றுதான்.

இப்போது எனக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. மொனராகலையில் ஒரு சீனி ஆலை, பதுளையில் இரண்டு கடைகள், ஒரு பஸ் கம்பனி. எல்லா இடத்திலும் முதல் நாள் கேட்பது ஒன்றுதான். உங்கள் பதிவில் பெயர் இல்லாமல் இங்கே யார் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை என்பார்கள். பிறகு நடந்து பார்ப்போம்.

மடுல்சீமைக்கு ஒவ்வொரு மழைக்கும் முன் ஒரு தடவை போகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. ஆட்களின் பட்டியலைப் புதிதாக எழுதி ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக் கதவில் ஒட்டிவிட்டு வருவேன். இந்த முறை ஒட்டிக்கொண்டிருந்தபோது கால் இல்லாதவர் ஊன்றுகோலில் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டி வாசித்தார். தன் பெயரில் வந்து விரல் நின்றது.

"மூணு வருசமா பாக்குறேன்" என்றார். "சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"என்னா?"

"என் பேர்ல ஒரு கால விட்டுட்டீங்க."

குனிந்து பார்த்தேன். முதல் எழுத்துக்குப் பக்கத்தில் போட வேண்டிய துணைக்காலைப் போடவில்லை. மூன்று வருடமும் பழைய தாளைப் பார்த்து அதே பிழையை அப்படியே எழுதியிருக்கிறேன்.

"ஒடம்புலதான் ஒண்ணு இல்ல. பேர்லயாச்சும் இருக்கட்டும் தம்பி" என்றார்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். எழுத்துக்கள் நெருக்கமாக இருந்தன. இடுக்கில் சின்னதாக ஒரு கால் போட்டேன். அவர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"கோணலா இருக்கு" என்றார். "பரவாயில்ல, நிக்குது."